சின்ன எழுத்தில் ஒரு மங்கை

முன்னொரு காலத்தில், கப்பல்களுக்குக் காற்றைத் தவிர வேறு துணை இல்லாத காலத்தில், கடலும் உப்பங்கழியும் கைகோத்துக் கிடந்த கரையில் நெடுங்கழி என்று ஒரு நாடு இருந்தது. பிள்ளைகளே, பெரியவர்களே, அந்த நாட்டு எழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நடந்ததெல்லாம் எழுத்தால் நடந்தது.

நம் எழுத்துப் போல இல்லை அது. அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு உருவம். ஒன்று பெரிய எழுத்து. தூண் போல நிமிர்ந்து நிற்கும். இன்னொன்று சின்ன எழுத்து. பெரியதின் இடுப்பளவுதான் இருக்கும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்பதால் அந்த நாட்டில் முற்றுப்புள்ளி கிடையாது. புது வாக்கியம் தொடங்கினால் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள். ஒரு பெயர் வந்தாலும் அதன் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள். மற்றதெல்லாம் சின்ன எழுத்து.

துறைமுகத்தில் 'அலை' என்று ஒரு படகு இருந்தது. "தெற்கே அலை உடைந்தது" என்று ஓர் ஓலை வரும். 'அ' சின்னதாக இருந்தால் கரையில் இருப்பவர்கள் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார்கள். அலை உடையாமல் வேறு என்ன செய்யும்? 'அ' பெரிதாக இருந்தால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவார்கள். அந்தப் படகில் இருப்பவர்கள் அவர்கள் வீட்டு ஆட்கள்.

அந்தத் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள் மங்கை. நீரில் ஆடும் படகின் மூக்கில் ஒரு கையால் தொற்றிக்கொண்டு, மறு கையால் கோணாமல் எழுதுவாள். அவள் புருஷன் மாணிக்கம் படகு கட்டும் தச்சன். அவன் பலகை இழைப்பான், இவள் பெயர் எழுதுவாள். மாலையில் மாணிக்கத்தின் அம்மா குழம்பு கூட்டி வைத்துவிட்டு வாசலில் நின்று இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். குறை ஒன்றும் இல்லாத வீடு.

நெடுங்கழியின் அரசன் பெயர் அரிமா. அரிமா என்றால் சிங்கம். ஆனால் அரசனுக்குத் தன்மேல் ஒரு சந்தேகம் எப்போதும் இருந்தது. தான் வீதியில் போனால் எல்லோரும் பார்க்கிறார்களா? பார்த்தவர்கள் மறக்காமல் இருக்கிறார்களா? இதே கவலை.

அப்படிப்பட்ட அரசனைத் தேடி ஒரு நாள் ஒரு மந்திரவாதி வந்தான். இடுப்பில் ஒரு தோல்பை. காதோரத்தில் செருகிய ஒரு கறுப்பு எழுத்தாணி. அந்த எழுத்தாணியால் ஓலையில் ஒருவர் பெயரை எழுதினால், எழுதியபடியே அவர் ஆகிவிடுவார். அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு யோசனை செய்திருந்தான். நெடுங்கழியில் மாணிக்கம், பவளம், முத்து, தங்கம் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்! அந்தப் பெயர்களைச் சின்ன எழுத்தில் எழுதிவிட்டால் போதும். ஆள் மறைந்து கல்லும் பொன்னும் கைக்கு வந்துவிடும்.

ஆனால் ஒரு தடை. அந்த நாட்டுச் சட்டம், பெயர் என்றால் பெரிய எழுத்து. சட்டம் நிற்கும்வரை அந்த எழுத்தாணியின் எழுத்துகளும் அடம்பிடித்தன. அவன் 'மாணிக்கம்' என்று சின்னதாக எழுதினால், அவன் கண் எதிரிலேயே 'மா' மெல்ல நிமிர்ந்து, தோளை விரித்துத் தூணாக நின்றுவிடும். எத்தனை முறை எழுதினாலும் அதே கதை. சட்டத்தை மாற்ற அரசன் ஒருவனால்தான் முடியும்.

மந்திரவாதி அரசன் முன் குனிந்தான்.

"அரசே, உங்கள் பெயருக்கும் பெரிய எழுத்து, மீன் விற்கிறவன் பெயருக்கும் பெரிய எழுத்து. இது அடுக்குமா?"

அரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதை நான் யோசித்ததே இல்லையே."

"யோசியுங்கள். வாக்கியம் தொடங்கினால் பெரிய எழுத்து. வாக்கியம் என்ன, அரச பரம்பரையா? பெரிய எழுத்து இனி உங்களுக்கு மட்டும். உங்கள் பெயருக்கும் உங்கள் பொருளுக்கும் மட்டும். மற்றவர்கள் எல்லாம் சின்ன எழுத்து."

"இதற்கு நீ என்ன கேட்கிறாய்?"

"எனக்கு எதற்கு அரசே? உங்கள் கஜானாவை நான் நிரப்பித் தருகிறேன். உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதும்."

அரசனுக்கு அந்தப் பேச்சு வெல்லப்பாகு போல இனித்தது. முரசு அறைந்தார்கள். பெரிய எழுத்து அரசருக்கே சொந்தம். வேறு எவர் பெயரையாவது பெரிதாக எழுதினால் சிறை. துறைமுகத்தில் படகுகளின் பெயர்களைச் சுரண்டி, மறுபடி சின்னதாக எழுதச் சொன்னார்கள். மங்கை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

அதற்குப் பிறகு நாடு பட்ட பாடு கொஞ்சமா? எந்த ஓலையைப் பிரித்தாலும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வடநாட்டு விருந்தினர் வந்தபோது அரசன் ஓர் ஓலை அனுப்பினான். "யானையைக் கட்டுங்கள் நாளைக்கு விருந்தினரை உள்ளே விடுங்கள்." முதலில் யானையைக் கட்டு, பிறகு நாளைக்கு அவர்களை உள்ளே விடு என்பது அரசன் நினைத்தது. வாசற்காவலர்கள் அதை வேறு விதமாகப் படித்தார்கள். யானையை நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம், விருந்தினரை இப்போதே விடலாம் என்று விட்டார்கள். விருந்தினர் தலைப்பாகைகளை விட்டுவிட்டு மதில் ஏறிக் குதித்து ஓடினார்கள். இன்றுவரை அந்த நாட்டோடு பேச்சு இல்லை.

மந்திரவாதிக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவன் கடைத்தெருவில் இறங்கினான். வாயெல்லாம் சிரிப்பு.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவனிடம் போனான். "உங்கள் பெயர் என்ன, ஐயா?"

"முத்துங்க."

காதோரத்து எழுத்தாணியை எடுத்தான். ஓலைநறுக்கில் எழுதினான். டங். தோல்பையில் ஏதோ விழுந்தது. வலை அப்படியே கிடந்தது, பின்னியவனைக் காணோம்.

படகுத்துறையில் பலகை இழைத்துக்கொண்டிருந்த ஒருவனிடம் போனான். "உங்கள் பெயர் என்ன, ஐயா?"

"மாணிக்கம்."

டங். பலகையில் பாதி இழைத்த சுருள் தொங்கிக்கொண்டிருந்தது.

மாலையில் மாணிக்கம் வீடு திரும்பவில்லை. மங்கை துறை முழுவதும் தேடினாள். உளி இருந்தது, மேல்துண்டு இருந்தது, ஆள் இல்லை. விடிந்ததும் கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே மருத்துவச்சி தங்கம் பிரசவ வீடு ஒன்றிலிருந்து எண்ணெய் வாங்க வெளியே வந்துகொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குக் கைநீட்டி வாங்கியவள் அவள். அவள் எதிரில் போய் நின்றான் மந்திரவாதி.

"உங்கள் பெயர் என்ன, அம்மா?"

"தங்கம்னு சொல்வாங்க."

மங்கையின் கண் எதிரிலேயே அவன் எழுதினான். மருத்துவச்சி நின்ற இடத்தில் காற்றுதான் இருந்தது. அவன் கையில் ஒரு பொன்கட்டி மின்னியது. பைக்குள் போட்டான். டங்.

மங்கைக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. நேராகப் போய் அவன் வழியை மறித்தாள்.

"அந்த அம்மாவைத் திருப்பிக் கொடுங்க. என் வீட்டுக்காரரையும் கொடுங்க."

மந்திரவாதி அவளை ஏற இறங்கப் பார்த்தான். சிரித்தான். "உங்கள் பெயர் என்ன, அம்மா?"

சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நின்ற பூக்காரி விவரம் தெரியாமல், "அவ மங்கைங்க, படகுக்குப் பேர் எழுதுறவ" என்று சொல்லிவிட்டாள்.

எழுத்தாணி ஓலையில் கீறியது. 'மங்கை.' எல்லாம் சின்ன எழுத்து.

டங் என்று எதுவும் விழவில்லை. மங்கை நின்ற இடத்திலேயே நின்றாள். மந்திரவாதி ஓலைநறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மங்கை என்றால் பெண். பெண் பெண்ணாகவே நிற்கிறாள். உன்னால் எனக்கு ஒரு குந்துமணிப் பொன் லாபம் இல்லை. போ."

நறுக்கைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

தப்பித்தோம் என்று நினைத்து மங்கை வீட்டுக்கு ஓடினாள். வாசலில் மாமியார் நின்றிருந்தாள்.

"அத்தை, அவருக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

மாமியார் புருவத்தைச் சுருக்கினாள். "யாரும்மா நீ?"

"என்ன அத்தை, நான் மங்கை."

"பெண்ணுன்னு தெரியுதும்மா. எந்த வீட்டுப் பெண்ணு? எங்க மருமகளைப் பார்த்தியா? காலையில போனவ, இன்னும் காணோம்."

மங்கை பின்வாங்கினாள். அடுத்த வீட்டுக்காரியிடம் போனாள். "நான் மங்கை" என்றாள். "அதான் தெரியுதே, பேரைச் சொல்லு" என்றாள் அவள். படகுத்துறையில் கூட வேலை செய்தவர்களிடம் போனாள். அவர்களும் அதையே சொன்னார்கள். வீட்டு நாய்க்குட்டி மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. நாய்க்குப் பெரிய எழுத்தும் தெரியாது, சின்ன எழுத்தும் தெரியாது.

கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் உட்கார்ந்து மங்கை அழுதாள். கல்லாகப் போனவர்களைத் தேடவாவது ஆள் இருக்கிறது. தான் எதிரில் வந்து நின்றும் ஒருவருக்கும் தன்னைத் தெரியவில்லை. உலகத்தில் உள்ள பெண்களில் அவளும் ஒரு பெண், அவ்வளவுதான்.

அழுது முடித்து, முகத்தைக் கடல் தண்ணீரில் கழுவினாள். கழுவும்போதே ஒன்று தோன்றியது.

'யாருக்கும் என்னைத் தெரியவில்லை. நல்லது. அப்படியென்றால் அரண்மனைக்குள் போகிறவள் யார் என்றும் யாருக்கும் தெரியாது.'

எழுந்தாள். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

முதல் வாசலில் காவலன் ஈட்டியை நீட்டினான். "யாரது?"

"மங்கை."

"பெண்ணா? தண்ணீர் எடுக்கிறவளாக இருக்கும். போ, போ."

இரண்டாம் வாசலில் காவலன் வாளில் கை வைத்தான். "யாரது?"

"மங்கை."

"பெண்ணா? சமையல்கட்டுக்கு வந்தவளாக இருக்கும். சீக்கிரம் போ, அடுப்பு எரிகிறது."

மூன்றாம் வாசலில் காவலன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாரது?"

"மங்கை."

"பெண்ணா? ராணியம்மாவின் தோழிகளில் ஒருத்தி. வழிவிடு அவளுக்கு."

இப்படியாக மங்கை கொலுமண்டபத்துக்கே வந்துவிட்டாள்.

அரசன் அரியணையில் தனியாக உட்கார்ந்திருந்தான். தலையில் மகுடம். மகுடத்தின் நடுவில், நேற்று மந்திரவாதி கொண்டுவந்து பதித்த ஒரு மாணிக்கம். மடியில் ஓலைகள் சிதறிக் கிடந்தன. அவற்றை உற்றுப் பார்த்துப் பார்த்து அவன் கண்கள் சிவந்திருந்தன. அரியணைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் கையில் தோல்பை தொங்கியது. மந்திரவாதி கை கழுவப் போயிருந்தான்.

"யார் நீ?" என்றான் அரசன்.

"மங்கை."

"அது தெரிகிறது. பெயரைச் சொல்."

"அதைத்தான் அரசே, உங்கள் சட்டம் எடுத்துக்கொண்டது. நான் அதைக் கேட்டு வாங்கிப்போக வந்திருக்கிறேன்."

அரசனிடம் இப்படி யாரும் பேசியதில்லை. கோபம் வருவதற்கு முன்னால் அவனுக்கு ஆச்சரியம் வந்துவிட்டது.

மங்கை அவன் மடியில் இருந்த ஓலையைக் காட்டினாள். "இது என்ன ஓலை, அரசே?"

"என்னைப் புகழ்ந்து எழுதியது. முழுக்க முழுக்கப் பெரிய எழுத்து."

"இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது?"

அரசன் விரலை வைத்துத் தேடினான். ஓலை முழுவதும் தூண் தூணாக எழுத்துகள் நெருக்கியடித்து நின்றன. அவனுடைய குடை பெரிய எழுத்து. அவனுடைய சாமரம் பெரிய எழுத்து. விரல் ஓர் இடத்தில் நின்றது. "இதோ" என்றான்.

"அது உங்கள் செருப்பு, அரசே."

விரல் நகர்ந்தது. "இதோ, இது."

"அது வெற்றிலைப்பெட்டி."

அரசன் கையை எடுத்துக்கொண்டான்.

"முன்பெல்லாம் ஓலையைப் பிரித்ததும் என் பெயர் கண்ணில் படும்" என்றான் மெதுவாக.

"பக்கத்தில் எல்லாம் சின்னதாக இருந்தது, அதனால் பட்டது. எங்கள் துறையில் நூறு படகு நிற்கும். ஒவ்வொன்றின் மூக்கிலும் முதல் எழுத்தை மட்டும்தான் பெரிதாக எழுதுவேன். தூரத்தில் வரும்போதே, வருவது நம் வீட்டுப் படகா, அடுத்த வீட்டுப் படகா என்று கரையில் நிற்கிறவள் கண்டுகொள்வாள். அவ்வளவுக்குத்தான் அரசே அந்த எழுத்து. இன்ன ஆள் வருகிறார் என்று சொல்ல. இங்கே ஒரு பேச்சு தொடங்குகிறது என்று சொல்ல. யார் உசத்தி என்று சொல்ல இல்லை."

"அதைச் சொல்லவா மூன்று வாசல் தாண்டி வந்தாய்?"

"இல்லை. உங்கள் மகுடத்தில் இருப்பது என் வீட்டுக்காரர். மந்திரவாதி தன் எழுத்தாணியால் அவர் பெயரைச் சின்னதாக எழுதிக் கல்லாக்கிவிட்டான்."

அரசன் மகுடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மாணிக்கத்தைத் தொட்டான். நேற்றிலிருந்தே அந்தக் கல் உடம்பு போல இளஞ்சூடாக இருப்பது அவனுக்குத் தெரியும். வெயில் பட்டிருக்கும் என்று நினைத்திருந்தான். இப்போது அவன் முகம் வெளிறியது.

அந்த நேரம் பார்த்து மந்திரவாதி உள்ளே வந்தான்.

"இந்தப் பெண் சொல்வது உண்மையா?" என்றான் அரசன்.

"எந்தப் பெண்? வேலைக்காரி பேச்சையெல்லாம் கேட்பீர்களா?"

"அப்படியானால் ஒன்று செய். உன் எழுத்தாணியால் உன் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதிக் காட்டு. ஒன்றும் ஆகவில்லை என்றால் இவள் சொல்வது பொய்."

மந்திரவாதி அசையவில்லை. அப்போதுதான் அரசனுக்கு உறைத்தது. இவனைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம். இவன் பெயரை ஒருநாளும் கேட்கவில்லை.

மங்கை ஓரடி முன்னால் வந்தாள். "உங்கள் பெயர் என்ன, ஐயா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவன் ஊரையெல்லாம் கேட்டிருக்கிறான். அவனை யாரும் கேட்டதில்லை. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு முழுவதும் வடிந்துவிட்டது. காதோரத்து எழுத்தாணியை உருவினான். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு நறுக்கை எடுத்துச் சரசரவென்று கீறினான். கீறியது அவன் பெயரை அல்ல. 'அரிமா' என்று, எல்லாம் சின்ன எழுத்தில்.

அரசனின் பெயருக்குப் பெரிய எழுத்து உரிமை என்பது சட்டம். உரிமைதான், சின்னதாக எழுதக்கூடாது என்று அரசன் சொல்ல மறந்திருந்தான்.

அரியணையில் ஒரு சிங்கம் இருந்தது. பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு கர்ஜித்தது. மண்டபத்தின் விளக்குச் சங்கிலிகள் குலுங்கின. சிங்கம் இவளைப் பார்த்துக்கொள்ளும், நாம் பையோடு போய்விடலாம் என்று மந்திரவாதி கணக்குப் போட்டிருந்தான். ஆனால் பை தொங்கிய நாற்காலி சிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் பைக்குக் கை நீட்டியதும் சிங்கம் பாய்ந்தது. எழுத்தாணி ஒரு பக்கம், நறுக்கு ஒரு பக்கம் விழ, அவன் கதவைப் பார்த்து ஓடினான். கதவு அவனுக்குப் பின்னால் படாரென்று சாத்திக்கொண்டது.

சிங்கம் திரும்பியது. இப்போது மண்டபத்தில் அதுவும் மங்கையும்தான்.

மங்கை ஓடவில்லை. ஓடினால் துரத்தும் என்று தெரியும். மெல்லக் குனிந்தாள். எழுத்தாணியை எடுத்தாள். நறுக்கை எடுத்தாள். சிங்கம் ஓர் அடி வைத்தது. அவள் நறுக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சிங்கம் இன்னோர் அடி வைத்தது. அதன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

நாட்டில் வேறு எந்தப் பெயரையும் பெரிதாக எழுத முடியாது. ஒரே ஒரு பெயரைத் தவிர. அந்த ஒரு பெயரைத்தான் அவள் எழுத வேண்டியிருந்தது.

ஆடும் படகில் தொங்கிக்கொண்டு எழுதிய கை அது. கோணவில்லை. சின்ன 'அ'வின் மேலேயே அழுத்தி, உயர்த்தி, பெரிய 'அ' ஒன்றை நிறுத்தினாள்.

அவள் எதிரில் அரசன் நான்கு காலில் நின்றுகொண்டிருந்தான். கைகளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். மெதுவாக எழுந்தான்.

"எனக்கு நான் யார் என்றே தெரியவில்லை" என்றான். "பசி மட்டும் தெரிந்தது."

"தெரியும், அரசே. எனக்கும் இன்று காலையிலிருந்து அப்படித்தான். பசி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

அரசன் வேறெதுவும் கேட்கவில்லை. அப்போதே முரசு அறையச் சொன்னான். பெரிய எழுத்து எல்லோருக்கும் பொது. பெயருக்கும் வாக்கியத் தொடக்கத்துக்கும் பழையபடி. அரசரின் செருப்புக்கு வேண்டாம்.

மங்கை தரையில் உட்கார்ந்து தோல்பையைக் கவிழ்த்தாள். கல்லும் பொன்னும் உருண்டன, ஓலைநறுக்குகளும் விழுந்தன. ஒவ்வொரு நறுக்காக எடுத்து முதல் எழுத்தை நிமிர்த்தினாள். முத்து வந்தான், வலை எங்கே என்று கேட்டுக்கொண்டு. பவளம் என்ற பெயரில் ஒரு கிழவரும் ஒரு குழந்தையும் வந்தார்கள். மருத்துவச்சி தங்கம் வந்தாள், பாதியில் விட்டுவந்த பிரசவத்தை நினைத்துப் பதறிக்கொண்டு. மண்டபம் நிறைந்து பேச்சும் அழுகையுமாக ஆனது.

மாணிக்கத்தின் நறுக்கை எடுத்தபோதுதான் மங்கைக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு எழுதினாள். அரசன் கையில் இருந்த மகுடத்தில் ஒரு குழி விழுந்தது. மாணிக்கம் எதிரில் நின்றான், தலைமுடியில் மரத்தூளோடு.

அவன் அவளைப் பார்த்துக் கைகூப்பினான்.

"நீங்கதான் எழுதினீங்களாம்மா? ரொம்ப நன்றி. வீட்டுல என் மனைவி தேடிட்டு இருப்பா, நான் போகணும்."

மங்கை தரையைப் பார்த்தாள். பையிலிருந்து விழுந்தவற்றில் ஒரே ஒரு நறுக்குதான் மீதி இருந்தது. அவளுடையது. அதை எடுக்கப் போன நேரத்தில் காவலர்கள் மந்திரவாதியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சிங்கத்தின் சத்தம் கேட்டு வாசலை அடைத்திருந்தார்கள். பெயரைச் சொன்னால்தான் வெளியே விடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் சொல்லவில்லை, மாட்டிக்கொண்டான்.

அரசன் மங்கையிடம் திரும்பினான். "எழுத்தாணி உன் கையில் இருக்கிறது. இவன் ஒருவன் பெயருக்கு மட்டும் என் சட்டம் செல்லாது. அதைக் கேள். சின்ன எழுத்தில் எழுது. என்ன ஆகிறானோ ஆகட்டும்."

"சொல்லுங்க" என்றாள் மங்கை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான். "மண்ணாங்கட்டி."

மண்டபத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மங்கை சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல வாத்தியார் என் பேரைச் சின்ன எழுத்துலதான் எழுதுவார்" என்றான் அவன். "கட்டிக்கு எதுக்குடா பெரிய எழுத்துன்னு கேட்பார். பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான் சிரிக்கும். மாணிக்கம்னு ஒருத்தன், பவளம்னு ஒருத்தன். அவங்கதான் முதல்ல சிரிப்பாங்க."

மருத்துவச்சி தங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவனை மோவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள்.

"உனக்கு முன்னால பிறந்ததுங்க எல்லாம் தவறிப்போச்சா?"

அவன் தலையாட்டினான்.

"அதுக்குத்தான்டா அந்தப் பேரு. நல்ல பேர் வச்சா எமன் கண்ணுல பட்டுடும்னு பயந்து வைக்கிறது. குப்பைன்னு வைப்பாங்க, பிச்சைன்னு வைப்பாங்க. என் கையில பிறந்த பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு அப்படி வச்சிருக்காங்க. உன் அம்மா உன்னைக் கட்டிக் காப்பாத்த வச்ச பேரு அது. உனக்கு அது தெரியாமலே போச்சு."

மந்திரவாதி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மங்கை ஒரு புது நறுக்கை எடுத்தாள். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவள் முதல் எழுத்தை எழுதினாள். படகின் மூக்கில் எழுதுவது போல, தூரத்திலிருந்தும் தெரிகிற மாதிரி, நிமிர்ந்த ஒரு பெரிய 'ம'. அதன் பின்னால் மற்ற எழுத்துகளை வரிசையாக நிறுத்தினாள். எழுதி முடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"மண்ணாங்கட்டி அண்ணே, இது உங்க பேரு."

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டியாக ஆகவில்லை. மனிதனாகவே நின்றான், ஆனால் முன்பு பார்த்த ஆள் இல்லை.

பிறகு மங்கை ஒரு காரியம் செய்தாள். தன்னுடைய நறுக்கை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். கறுப்பு எழுத்தாணியையும் அவனிடமே நீட்டினாள். காவலர்கள் வாளை உருவினார்கள். அரசன் "வேண்டாம்" என்றான், யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீங்க எடுத்துக்கிட்டது. நீங்களே கொடுங்க" என்றாள் மங்கை.

மண்ணாங்கட்டி எழுத்தாணியை வாங்கினான். அந்தப் பெயரை அவன் ஒரே கீறலில் அடித்தும் விடலாம். எல்லோருக்கும் அது தெரியும். அவன் குனிந்தான். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. ஆனால் பெரியதாக இருந்தது.

மாணிக்கம் வாசற்படி வரை போயிருந்தான். அங்கேயே நின்று திரும்பினான்.

"மங்கை, நீ எப்ப வந்தே?" என்றான். "அம்மா தேடுவாங்களே. சாப்பிட்டியா நீ?"

மங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் பதில் சொல்வதற்குள் அவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்துவிட்டான்.

அந்த எழுத்தாணியை அன்றே உலையில் போட்டு உருக்கிவிட்டார்கள். சுரண்டிப்போட்ட படகுப் பெயர்களை எல்லாம் மங்கை மறுபடி எழுதினாள். அவளுக்குச் சாயம் கலந்து கொடுக்க மண்ணாங்கட்டி துறைமுகத்துக்கு வந்தான். அது அரசன் அவனுக்கு விதித்த தண்டனை. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அவன் போகவில்லை. மாலையானதும் மாணிக்கத்தின் அம்மா வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடும்போது மூன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று பேரும் போனார்கள். அவர்கள் வயிறும் மனமும் நிறைந்து வாழ்ந்தார்கள். கேட்ட நீங்களும் அப்படியே வாழுங்கள்.